பழைய காரின் விலை

மூன்று வாரமாக என் மேஜையின் மேல் ஒரு சிறு புத்தகத்தின் நகல் கிடக்கிறது. கதையல்ல, கவிதையல்ல, ஒரு மோட்டார் காரின் ஆர்.ஸி. புத்தகம். இப்போதெல்லாம் புது வண்டி வாங்குகிறவர்களுக்குச் சீட்டுக்கட்டில் ஒரு சீட்டைப் போல ஓர் அட்டையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். 1994-ல் காகிதப் புத்தகம்தான். அதில் மூன்று சொந்தக்காரர்களின் பெயர்கள் மூன்று விதமான மையில் எழுதப்பட்டிருக்கின்றன. முதலில் தஞ்சாவூர் டாக்டர் ஒருவர். பிறகு மன்னார்குடி காண்டிராக்டர் ஒருவர். கடைசியாக எங்கள் ஊர் ரைஸ் மில் முதலாளி. பதினைந்து வருஷ ஆயுள் முடிந்த 2009-ல் ஒரு முத்திரை. அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒன்றாக 2014, 2019, 2024 என்று மூன்று முத்திரைகள். நாலாவது பெயருக்கு இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் என் பெயர் ஏறலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி.

வண்டி அம்பாஸிடர். இஸுஸு எஞ்சின் வைத்த 1800. விலை ஒன்றே கால் லட்சம் ரூபாய்.

கார் வாங்கும் ஆசை எனக்குத் திடீரென்று வந்ததற்குக் காரணம் உண்டு. என் தாயாருக்கு எழுபத்தாறு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாதம் இரண்டு தடவை தஞ்சாவூருக்கு வைத்தியரிடம் போய்வர வேண்டும். வாடகைக்கு வருகிற சின்னக் கார்களில் ஏறுவது அவளுக்குக் கிணற்றில் இறங்குவது போல. அவற்றிலிருந்து இறங்குவதோ கிணற்றிலிருந்து ஏறுவது போல. மில் முதலாளியின் வீட்டுக்கு ஒரு நாள் அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். கொட்டகையில் நின்ற காரின் பின்கதவைத் திறந்ததும், யார் கையையும் பிடிக்காமல், திண்ணையில் உட்காருவது போல உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷமாக நான் பார்க்காத காட்சி அது.

"நீ பிறக்கிறபோது என்னை ஆஸ்பத்திரிக்கு இந்த மாதிரி வண்டியிலேதான் கொண்டு போனார்கள்" என்றாள். அவ்வளவுதான், என் மனசு அந்த இடத்திலேயே விலை பேசி முடித்துவிட்டது.

ஆனால் பணம் மனசைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. புத்தகங்களின் ராயல்டியாக வந்ததும், சிறுகச் சிறுகச் சேர்த்ததுமாக என்னிடம் இரண்டு லட்சம் இருக்கிறது. அது தவறான இடத்தில் போய்விட்டால் மறுபடி சேர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். ஒன்றே கால் லட்சம் என்பது அதிகமா, குறைவா? என்னைப் போன்றவனுக்கு ஒரு விலை புரிய வேண்டுமானால் அதன் பூர்வ கதை தெரிய வேண்டும். ஆகவே காரின் மூடியைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் சரித்திரத்தைத் திறந்து பார்த்தேன்.

1942-ல் பி. எம். பிர்லா ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். முதல் தொழிற்சாலை குஜராத்தில் ஓகா துறைமுகத்தில் இருந்தது. 1948-ல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவுக்கு மாறியது. இங்கிலாந்தின் மோரிஸ் கம்பெனிக் கார்களை அனுமதி பெற்று இங்கே வேறு பெயர்களில் செய்தார்கள். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாவது வரிசை 1956-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதுவே 1957-ல் நம் நாட்டில் அம்பாஸிடர் ஆயிற்று. இங்கிலாந்தில் அந்த வரிசைக்கு ஆயுள் மூன்று வருஷம். 1959-ல் அதை நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். இங்கே அதே உருவம், முகப்பையும் எஞ்சினையும் அவ்வப்போது மாற்றிக்கொண்டு, 2014-ம் வருஷம் மே மாதம் வரையில் பட்டறையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பிறந்த வீட்டில் மூன்று வருஷம், புகுந்த வீட்டில் ஐம்பத்தேழு வருஷம்!

இந்த நீண்ட ஆயுளுக்குக் காரணம் காரின் குணம் மட்டுமல்ல. கார் ஓடிய சாலைக்கு எதிரே வேறு வண்டி வராதபடி கதவு சாத்தப்பட்டிருந்தது. சுதந்திரம் வந்த புதிதில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் உறுப்புகளை இறக்குமதி செய்து நம் ஊர்களில் கார் பூட்டிக்கொண்டிருந்தன. 1953-ல் டாரிஃப் கமிஷனின் சிபாரிசை ஒட்டி, உறுப்புகளை இங்கேயே செய்யத் திட்டமிருக்கிற கம்பெனிகள்தாம் இருக்கலாம் என்று சர்க்கார் தீர்மானித்தது. அந்த இரண்டு கம்பெனிகளும் மூட்டை கட்டின. மிஞ்சிய கார்க் கம்பெனிகள் மூன்று. கல்கத்தாப் பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் ஃபியட் செய்த பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். 1951-ம் வருஷத்துத் தொழில் சட்டப்படி, லைசென்ஸில் கண்ட அளவுக்கு மேல் உற்பத்தியைப் பெருக்க இவர்களுக்கும் உரிமை கிடையாது. அன்னியச் செலாவணி குறைவு; இருக்கிற இரும்பும் பணமும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் போகட்டும், கார் என்பது பணக்காரர் சௌகரியம் என்பது அன்றைய நோக்கம். அதைத் தப்பு என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பஸ்ஸில் போகிற தேசத்தில் பஸ்ஸுக்குத்தானே முதலிடம்?

ஆனாலும் கார் கேட்கிறவர்கள் பெருகிக்கொண்டே இருந்தார்கள். முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். புதிய காரின் விலை கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. பழைய காரின் விலைக்குக் கட்டுப்பாடு இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? உலகத்தில் வேறெங்கும் கார் கடை வாசலைத் தாண்டியதும் அதன் விலை இறங்கும். இங்கே வாசலைத் தாண்டியதும் ஏறிற்று! வரிசையில் நின்று கட்டுப்பாட்டு விலைக்கு வாங்கியவர், மறு வாரமே அதிக விலைக்கு விற்றுவிட்டு மறுபடி வரிசையில் போய் நிற்கலாம். இதைத் தடுக்கத்தான் 1959-ல் மோட்டார் கார் விநியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. புதுக் கார் வாங்கியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் அனுமதியில்லாமல் அதை விற்கக் கூடாது என்று விதித்தார்கள்.

அந்தக் காலத்தில் பழைய கார் வாங்கியவர் உண்மையில் எதை வாங்கினார் என்று யோசித்துப் பார்த்தேன். இரும்பையும் ரப்பரையும் மட்டும் அல்ல. காத்திருக்க வேண்டிய வருஷங்களை வாங்கினார். வரிசையில் தமக்கு முன்னால் நின்ற அத்தனை பேரையும் பணத்தால் தாண்டினார். ஆகவேதான் அவர் எஞ்சினைப் பற்றி அதிகம் கேள்வி கேட்கவில்லை. பசியோடு வந்தவன் சோற்றில் கல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பானா? கேள்வி கேட்காத இந்தப் பழக்கம் கடைக்காரருக்கு மட்டுமல்ல, செய்கிறவருக்கும் சௌகரியமாக இருந்தது. எது செய்தாலும் விற்கும் என்றால் எதற்காக மாற்ற வேண்டும்?

ஒரு நன்மையும் விளைந்தது. அதையும் சொல்ல வேண்டும். உறுப்புகளை இங்கேயே செய்ய வேண்டும் என்ற பிடிவாதத்தினால் உறுப்புத் தொழில் வளர்ந்தது. சென்னைக்கு வெளியே பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா என்று சக்கரத்துக்கும் மின்சாதனத்துக்கும் பிரேக்குக்கும் தனித்தனிக் கம்பெனிகள் 1960-களின் ஆரம்பத்தில் அடுத்தடுத்துத் தோன்றின. மூலைக்கு மூலை ஒரு மெக்கானிக்கும் தோன்றினார். வடிவம் மாறாத காருக்கு ஒரு பெரிய சௌகரியம்: அதைப் பழுது பார்க்கக் கற்றவனின் வித்தை அவன் பேரன் காலம் வரைக்கும் செல்லும்.

பிறகு வரிசை உடைந்தது. 1983-ம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி இந்திரா காந்தி முதல் மாருதிக் காரின் சாவியை அதை வாங்கியவரிடம் கொடுத்தார். 1993-ல் கார் உற்பத்திக்கு லைசென்ஸே வேண்டாம் என்றாகிவிட்டது. எண்பதுகளில் வருஷத்துக்குச் சுமார் 24,000 அம்பாஸிடர்கள் விற்றன. கடைசி வருஷங்களில் இரண்டாயிரத்துச் சொச்சம். 2017-ல் பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோ அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. கார் இல்லாத பெயருக்கு 80 கோடி. பெயரோடு கூடிய காருக்கு மில் முதலாளி கேட்பது ஒன்றே கால் லட்சம். எது மலிவு என்று நீங்களே சொல்லுங்கள்.

வரிசை போய்விட்டதால் பழைய காரின் விலை விழுந்தது. கூடவே இன்னொரு சங்கதி தலைகாட்டிற்று. அது வெளிநாட்டில் ஏற்கெனவே தெரிந்த சங்கதி. பழைய காரைப் பற்றி விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் ஓட்டைக் காரை எலுமிச்சம்பழம் என்று சொல்வது வழக்கம். கட்டுரைக்கும் எலுமிச்சைகளின் சந்தை என்றே தலைப்பு. மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பின. நாலாவது பத்திரிகை 1970-ல் வெளியிட்டது. 2001-ல் அவருக்கும் வேறு இருவருக்குமாக நோபல் பரிசு கிடைத்தது. கதை திரும்பி வந்து வருத்தப்படுகிற இளம் எழுத்தாளர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். நல்ல கார் இரண்டு லட்சம் பெறும், ஓட்டைக் கார் ஒரு லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது எது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் நடுவாக ஒன்றரை லட்சம்தான் கொடுப்பான். நல்ல கார் வைத்திருப்பவர், "இரண்டு லட்சம் பெறுமான வண்டியை நான் ஏன் ஒன்றரைக்குக் கொடுக்க வேண்டும்?" என்று வீட்டிலேயே நிறுத்திக்கொள்வார். ஓட்டைக் கார்க்காரர் சந்தோஷமாகக் கொண்டு வருவார். சந்தையில் ஓட்டைகள் மிகும். வாங்குகிறவன் விலையை இன்னும் குறைப்பான். கொஞ்சம் நல்லதும் வீட்டுக்குப் போய்விடும். இப்படியே போனால் சந்தை என்ற ஒன்றே மிஞ்சாது.

1967-ல் அகர்லாஃப் இந்தியாவுக்கு வந்து தில்லியில் ஒரு வருஷம் இருந்தார். அவர் கட்டுரையில் நம் நாட்டு லேவாதேவிக்காரர்கள்கூட வருகிறார்கள். ஆனால் அப்போது இங்கே இருந்த கார்ச் சந்தை அவர் சொன்னதற்கு நேர் மாறு. அவர் தேசத்தில் சந்தேகம் விலையை இறக்கிற்று. நம் தேசத்தில் பஞ்சம் சந்தேகத்தையே விழுங்கிவிட்டது.

இன்று பஞ்சம் இல்லை, சந்தேகம் இருக்கிறது. சந்தேகத்துக்கு மருந்து, விஷயம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போவதுதான். எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் பாய் நாற்பது வருஷமாக இந்த வண்டிகளைப் பிரித்துப் பூட்டுகிறவர். என்னைச் சிறுவனாக இருந்த நாளிலிருந்து அறிந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு மில்லுக்குப் போனேன்.

பாய் முதலில் எஞ்சினின் மேல் கையை வைத்துப் பார்த்தார். "சூடாயில்லை, நல்லது. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வைக்கலே" என்றார். பச்சை எஞ்சினைக் கிளப்பினால்தான் அதன் நிஜக் குணம் தெரியுமாம். கிளப்பச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இரண்டும் இல்லை. கியர் ஐந்தும் சரியாக விழுந்தன. ஆர்.ஸி. புத்தகத்தில் கண்ட எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் விரலால் தடவி ஒத்துப் பார்த்தார். என் முகம் மலர்ந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். "இருங்க தம்பி, மேலே பார்த்தாச்சு. இனிமேதான் கீழே" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்தார்.

காந்தம் இரும்பில் ஒட்டும். பட்டி பூசி மூடிய ஓட்டையின் மேல் ஒட்டாது. ஆனால் அவர் குனிவதற்கு முன்னாலேயே மில் முதலாளி பேசினார்.

"பாய், சிரமப்படாதீங்க. நானே சொல்லிடறேன். இடது பக்கம் கதவுக்குக் கீழே துரு. போன மழைக்கு முன்னாடி பட்டி வெச்சுப் பெயிண்ட் அடிச்சேன். தரைத் தகடும் அந்தப் பக்கம் சுகமில்லை. ஸாரும் பெரியம்மாவும் வந்துட்டுப் போனப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலே."

அகர்லாஃப் அவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும்! விற்கிறவரே குறையைச் சொல்கிறார். எனக்கு அவர்மேல் மரியாதை பொங்கிற்று. அவ்வளவு யோக்கியரிடம் வாங்காமல் வேறு யாரிடம் வாங்குவது என்றுகூடத் தோன்றிற்று.

பாய் மட்டும் ஒன்றும் பேசாமல் காருக்கு அடியில் படுத்து எழுந்தார். திரும்பி வரும் வழியில் சொன்னார்: "மனுஷர் தங்கமானவர், தம்பி. வண்டி இரும்பு. இந்த வண்டியிலே சேஸிஸ் தனி, பாடி தனின்னு கிடையாது. பாடியேதான் எலும்பு. முன் சக்கரத்தைத் தாங்குற முறுக்குக் கம்பியோட பின்முனை, தரைத் தகட்டுக்கு அடியிலேதான் மாட்டியிருக்கு. அங்கே துரு பிடிச்சா, அது பெயிண்ட் விவகாரம் இல்லை. வெட்டிட்டு வேற தகடு வெச்சு வெல்டு பண்ணணும். எழுபதாயிரம் ஆகும். டயர் நாலும் மாத்தணும், அது இருபதாயிரம்."

கணக்குப் போட்டேன். ஒன்றே கால் லட்சமும் தொண்ணூறாயிரமும் இரண்டு லட்சத்துப் பதினையாயிரம். கையிருப்பைத் தாண்டிவிட்டது. அடுத்த முத்திரைக்கு 2029-ல் போக வேண்டும். பதினைந்து வருஷம் கடந்த காரைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆக்கினார்கள். இருபது வருஷம் கடந்தவற்றுக்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள். பழைய கார் வைத்திருப்பதை ஒரு காலத்தில் செல்வம் என்று கருதிய சர்க்கார் இப்போது அதைச் செலவு என்று நினைவூட்டுகிறது.

"அவர் குறைச்சுக் கொடுப்பார், பாய்" என்றேன்.

"கொடுப்பார். நானும் கூலியைக் குறைச்சுக்கிறேன். நான் கேக்கறது வேற. ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு முட்டுதுன்னா, இந்த வண்டியை நம்பித் தஞ்சாவூருக்குக் கிளம்புவீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவு மறுபடியும் அந்த ஆர்.ஸி. புத்தகத்தைப் புரட்டினேன். மில் முதலாளி உண்மையைச் சொன்னதால் விலை நியாயமாயிற்று, துரு குறையவில்லை. நான் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டிருந்தேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அறுபதுகளில் பழைய கார் வாங்கியவர் வருங்காலத்தை வாங்கினார். ஐந்தாறு வருஷம் கழித்து வரவேண்டிய காரை இன்றைக்கே வாங்கினார். நானோ கடந்த காலத்தை வாங்கப் பார்த்தேன். நான் பிறந்த நாளன்று அம்மா ஏறிப் போன வண்டியை, எங்கள் தெருவில் டாக்டர் வீட்டு வாசலில் மட்டும் நின்றுகொண்டிருந்த வண்டியை, பள்ளிக்கூட வாத்தியாரான என் தகப்பனார் ஆயுள் முழுவதும் தள்ளி நின்று பார்த்த வண்டியை வாங்கப் பார்த்தேன். அதற்கு ஒரு விலை உண்டுதான். ஆனால் அதை அம்மாவின் முழங்கால் கணக்கில் எழுதுவது நியாயமல்ல. கார் வேண்டியிருப்பது இனி வரப்போகிற பத்து வருஷத்துக்கு. போன முப்பது வருஷத்துக்கு அல்ல.

காலையில் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் மனம் உடைந்துபோவாள் என்று நினைத்து, பாதி ராத்திரி தூங்காமல் வாசகங்களைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"அந்த உயரத்திலே ஸீட் இருந்தால் எந்தக் காராயிருந்தால் என்னடா?" என்றாள் அம்மா, கீரையை ஆய்ந்துகொண்டே.

மில்லுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, புத்தகத்தின் நகலைத் திருப்பிக் கொடுத்தேன். முதலாளி வருத்தப்படவில்லை. காப்பி கொடுத்தார். அவரிடம் ஓர் உதவி மட்டும் கேட்டேன். கொட்டகைக்குப் போய், பையில் கொண்டு வந்திருந்த தையல்கார டேப்பை எடுத்து, தரையிலிருந்து பின்ஸீட்டின் விளிம்பு வரையிலும், கதவின் அகலத்தையும் அளந்து ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டேன்.

இப்போது அந்தக் காகிதத்தோடு பழைய கார் விற்கிற கடைகளுக்குப் போய்வருகிறேன். ஏழெட்டு வருஷத்துக்கு மேற்படாத வண்டிகளாகப் பார்க்கிறேன். நேற்று ஒரு கடையில் நான் குனிந்து டேப்பைப் பிடித்ததும், கடைப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எல்லாரும் எஞ்சினைப் பார்ப்பாங்க ஸார், நீங்க ஸீட்டை அளக்கறீங்களே?" என்று கேட்டான்.

"எஞ்சினைப் பார்க்கிறவர் ஞாயிற்றுக்கிழமை வருவார், தம்பி" என்று சொல்லிவிட்டு அளந்து பார்த்தேன். இரண்டு விரற்கடைதான் குறைந்தது.